‘இதர’ என்று எழுத மாட்டேன்

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஓர் அட்டை மில்லில். கொள்ளிடத்துக்கு வடக்கே, சமயபுரம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவில் இருந்தது அது. வைக்கோலையும் பழைய காகிதத்தையும் கூழாக்கி, இனிப்புக்கடைப் பெட்டிக்கும் நோட்டு அட்டைக்கும் தேவையான தடித்த அட்டை செய்வார்கள். பாலக்கரையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கன்னியர் நடத்திய கல்லூரியில் வேதியியல் படித்தவள் நான். உதவி வேதியியலாளர் என்று உத்தரவு வந்தபோது அப்பா அதை மூன்று முறை படித்தார். ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். மில்லுக்குப் பெண்ணை அனுப்புகிறீர்களா என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம், லேபில் உட்கார்ந்து பார்க்கும் வேலைதான் என்று பதில் சொன்னார்.

உட்கார்ந்து பார்க்கும் வேலை இல்லை. காலையில் பாய்லர் தண்ணீர், பிறகு வைக்கோலை வேகவைக்கும் காரம் கூழில் எவ்வளவு, மத்தியானம் வெளியே போகும் சாக்கடைத் தண்ணீர் என்று நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பேன். மில்லின் சாக்கடை பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு பின்புறச் சுவருக்கு அப்பால் இருந்த வாய்க்காலில் விழும். அதில் காரம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, கசடு எவ்வளவு என்று தினமும் நான் நோட்டில் எழுத வேண்டும்.

எனக்கு மேலே இருந்த தலைமை வேதியியலாளர் ஸ்ரீரங்கத்துக்காரர். வடக்குச் சித்திரை வீதியில் வீடு. காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் குளித்து, நெற்றியில் திருமண் காய்வதற்குள் மில்லுக்கு வந்துவிடுவார். வேலை தெரிந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எல்லாரும் அவரை சார் என்றுதான் சொல்வார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

கோடை வந்தால் மில்லுக்கு ஒரு தொல்லை உண்டு. கூழ் ஓடும் தொட்டிகளிலும் குழாய்களிலும் வழவழவென்று ஒரு படலம் வளரும். மிஷின்காரர்கள் அதைச் சளி என்பார்கள். அது கட்டியாகப் பிய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் அட்டை கிழிந்து, மிஷின் நின்றுவிடும். நான் சேர்ந்த இரண்டாம் கோடையில் இதற்கு ஒரு தூள் வந்தது. நீல டிரம்களில் பம்பாயிலிருந்து வரும். மூடியைத் திறந்ததுமே தும்மல் பிடித்துக்கொள்ளும். ஒரு குவளைத் தூளைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் மறுநாள் சளி இருக்காது. சனிக்கிழமை மிஷினை நிறுத்திக் கழுவும்போது மட்டும் நாலைந்து குவளை போடுவார்கள். அதற்கு மில்லில் வைத்த பெயர் பாசி மருந்து. வயலுக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம், கரப்பானுக்குத் தெளிப்பதையும் மருந்து என்கிறோம். அதனால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எனக்கும்தான்.

தூள் வந்து ஒரு வருஷம் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை மில் வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். வாய்க்காலில் மீன் பிடித்துச் சந்தையில் விற்பவர். இடுப்பில் அலுமினியச் சட்டி. காவலாளி அவரை விரட்டிக்கொண்டிருந்தார். இது மூன்றாவது வாரமாம், ஒவ்வொரு வாரமும் வந்து நிற்கிறாராம். நான் பக்கத்தில் போனேன்.

"ஏம்மா, தண்ணி பாக்குறவங்க நீங்கதானா?"

"ஆமாக்கா, சொல்லுங்க."

அவர் சட்டியை இறக்கிக் காட்டினார். கெண்டையும் அயிரையும் வாய் பிளந்து கிடந்தன.

"திங்கக்கெழமை மட்டும்தான் இப்படிச் செத்து மெதக்குது. பழுப்புத் தண்ணி தெனமும்தானே வருது? அது நாத்தம்தான், ஆனா அதுல மீனு பொழச்சுக்கெடந்துச்சு. இப்ப ஒரு நாள்ல மட்டும் ஏன் சாவுது? அதைச் சொல்லுங்க, போயிடறேன்."

அவர் நஷ்ட ஈடு கேட்கவில்லை. கேள்விதான் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்து என் நோட்டைப் புரட்டினேன். திங்கட்கிழமைத் தண்ணீரில் காரம் மற்ற நாட்களைவிடக் குறைவு, கசடும் குறைவு. முந்தின நாள் மிஷின் ஓடாது, அதனால் தண்ணீர் தெளிவாகவே போகிறது. என் கணக்குப்படி வாரத்திலேயே சுத்தமான தண்ணீர் அன்றைக்குத்தான். அந்தச் சுத்தமான தண்ணீரில்தான் மீன் சாகிறது.

மிஷின் பிரிவுக்குப் போய் மருந்து போடும் பதிவேட்டைப் பார்த்தேன். சனிக்கிழமைக்கு நேரே நான்கு, ஐந்து, ஐந்து என்று குவளைகள் எழுதியிருந்தன. அந்தத் தூளைத் தேடும் சோதனை எதுவும் எங்கள் பட்டியலிலேயே இல்லை. ஒரு வருஷமாக நான் தேடாத ஒன்று, தினமும் என் கண் முன்னால் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான்.

அடுத்த வாரம் அந்த அக்காவிடம், மில்லுக்கு மேற்புறத்து வாய்க்காலிலிருந்து உயிரோடு குஞ்சு மீன்கள் வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். எதற்கு என்று கேட்காமல் பானை நிறையக் கொண்டுவந்தார். ஆய்வுக்கூடத்தின் பின் அறையில் பழைய கண்ணாடித் தொட்டிகள் கிடந்தன. கழுவி வரிசையாக வைத்தேன். ஒன்றில் வெறும் வாய்க்கால் தண்ணீர். ஒன்றில் காரம், ஒன்றில் படிகாரம், ஒன்றில் வெளுக்கும் தூள், ஒன்றில் பழுப்புக் கூழ்த் தண்ணீர், ஒன்றில் பாசி மருந்து. ஒவ்வொன்றும் வாய்க்காலில் போய்க் கலக்கும்போது எவ்வளவு நீர்த்துப் போகுமோ அந்த அளவில். மில்லில் டன் கணக்கில் செலவாகும் காரத்துக்கு அதன் பங்கு, குவளைக் கணக்கில் செலவாகும் தூளுக்கு அதன் பங்கு.

சாரிடம் சொன்னேன். மத்தியான வேலை கெடாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

காரத் தொட்டியில் மீன்கள் முதலில் மிரண்டன; பிறகு அடங்கி நீந்தின. வெளுக்கும் தூள் முதல் நாள் இரண்டைக் கொன்றது. மறுநாள் அந்தத் தண்ணீரில் விட்ட மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழுப்புத் தண்ணீரில் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. தண்ணீரைக் கலக்கிவிட்டதும் தேறின. அதை நல்ல தண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன். வாய்க்கால் வற்றும் மாதத்தில் அதுவும் கொல்லும். ஆனால் பாசி மருந்துத் தொட்டியில் நடந்தது வேறு. கண்ணுக்குப் பச்சைத் தண்ணீர் போலத்தான் தெரிந்தது. மீன்களின் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது, வட்டமாகச் சுற்றின, சாயங்காலம் பஸ்ஸுக்கு நான் கிளம்புவதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தத் தண்ணீரை ஒரு வாரம் வைத்திருந்து வேறு மீன்களை விட்டேன். அவையும் செத்தன. சாக்கடை விழும் இடத்துச் சேற்றை எடுத்து நல்ல தண்ணீரில் கரைத்து நத்தைகளை விட்டேன். அவை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரும்ப வெளியே வரவே இல்லை.

மூன்று வாரம் இதைத் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கழிவு நீரை வெளியே விட அனுமதி கேட்கும் படிவம். என்னென்ன ரசாயனம், மாதத்துக்கு எத்தனை கிலோ என்று பட்டியல் கேட்டிருந்தார்கள். அளவில் பெரியவற்றுக்குத் தனித்தனி விவரம் தர வேண்டும். சின்ன அளவில் செலவாவதையெல்லாம் சேர்த்துக் கடைசிக் கட்டத்தில் ‘இதர’ என்று போட்டால் போதும். சார் என்னை நிரப்பச் சொன்னார். நான் காரத்தையும் சுண்ணாம்பையும் எழுதிவிட்டு, பாசி மருந்துக்குத் தனியாக ஒரு தாள் எழுதி, தொட்டிகளில் பார்த்தது அனைத்தையும் அதில் வைத்து, நூலால் கட்டிக் கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீ எழுதினது வாஸ்தவம்தாம்மா. நான் இல்லேங்கலை. ஆனா எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கோன்னோ? காரம் லாரி லாரியா வரது. அதுக்கே ஒண்ணும் ஆகலை. இது மாசத்துக்கு ரெண்டு டிரம். இதரன்னு போட்டுட்டா முடிஞ்சுது."

"சார், காரம் வைக்கோலை வேகவைக்க வந்தது. அது மீன் மேல படறது தவறிப்போய் நடக்கறது. இந்தத் தூள் கொல்றதுக்குன்னே செஞ்சு வந்தது. நம்ம தொட்டியில கொன்னுட்டு வாய்க்காலுக்குப் போனதும் அது சும்மா இருக்குமா? ரெண்டையும் ஒரே தராசுல எடை போட்டா எப்படி?"

"படிவத்துல அப்படித்தானே கேட்டிருக்கான்?"

"கேக்கறது தப்பா இருந்தா அதையும் சேத்து எழுதி அனுப்பலாம் சார். நான் ‘இதர’ன்னு எழுத மாட்டேன்."

மறுநாள் தாளின் கட்டு அவிழ்க்கப்பட்டிருந்தது. படிவம் வேறொரு கையெழுத்தில் நிரம்பியிருந்தது. அடியில் தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்துக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். நான் போட மறுத்தேன். மேனேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. மில்லின் தொட்டியில் அனுமதியில்லாமல் மீன் வளர்த்ததற்கும், தொழில் ரகசியத்தைக் காகிதத்தில் எழுதியதற்கும் மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்றார். சோப்பிலும் ரசாயனம்தான், உப்பிலும் ரசாயனம்தான், எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்தால் அட்டை செய்ய முடியுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பயப்படவில்லை சார், ஒன்றே ஒன்றுக்குத்தான் என்றேன். வாயாடி என்று பெயர் வாங்க அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது.

வீட்டில் அப்பா பயந்துபோனார். ஒரு கடிதம்தானே, எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்றார். பெண் பிள்ளைக்கு மில்லில் இப்படி ஓர் இடம் இன்னொரு தடவை கிடைக்காது என்றார். அம்மா தொடக்கப் பள்ளியில் டீச்சர். பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நீ எழுதினது பொய்யா?"

"இல்லம்மா."

"அப்பறம் எதுக்கு மன்னிப்பு? கை கழுவிட்டு வந்து சாப்பிடு."

நான் கடிதம் எழுதவில்லை. படிவம் என் கையெழுத்து இல்லாமல், சாரின் கையெழுத்தோடு போனது. அந்த மாதக் கடைசியில் என்னை ஆய்வுக்கூடத்திலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ராஜினாமா செய்துவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸிலேயே போய் ஸ்டோர்ஸ் சாவியை வாங்கிக்கொண்டேன்.

போன பிறகுதான் தெரிந்தது, பாசி மருந்து டிரம்கள் அங்கேதான் அடுக்கியிருந்தன என்று. அவர்களுக்கு அது தோன்றவில்லை போலிருக்கிறது. முதல் வாரத்தில் சிவப்புப் பெயிண்டும் தூரிகையும் எடுத்து, ஒவ்வொரு டிரம்மிலும் ‘நஞ்சு’ என்று முழ நீளத்துக்கு எழுதினேன். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, வாங்கின சாமான் மேலேயே கிறுக்கியிருக்கிறீர்களே என்று முறைத்தார். பம்பாய்க்காரர்கள் இங்கிலீஷில் சின்னதாக எழுதியிருக்கிறார்கள், நான் தமிழில் பெரிதாக எழுதினேன், அவ்வளவுதான் என்றேன்.

அங்கே நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து சண்டை வந்தது. காலி டிரம்களைத் தொழிலாளர்களுக்குக் கொடுப்பது வழக்கம். முறை வைத்து வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கவும் நெல் கொட்டி வைக்கவும் அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. நான் ஸ்டோர்ஸுக்கு வந்ததும் அதை நிறுத்தினேன். மேனேஜர் மேல் எனக்கிருந்த கோபத்தைத் தங்கள் மேல் காட்டுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். அடுத்த முறைக்குக் காத்திருந்த ஒருவர் நேராக வந்து நின்றார். டிரம்களைத் திறந்து தூளைக் கொட்டும் வேலை அவருடையது.

"படிச்சவங்க நீங்க. எங்களுக்குக் கெடைக்கிற ஒரு டிரம்மு உங்களுக்குக் கண்ணை உறுத்துதாங்க?"

அவர் கையை அப்போதுதான் பார்த்தேன். முழங்கை வரை தோல் உரிந்து வெளிர்ந்து, இடையிடையே சிவந்திருந்தது. இது எத்தனை நாளாக என்று கேட்டேன். வெயில் கொப்புளம் என்றார். எந்த வருஷத்திலிருந்து வெயில் கொப்புளம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். தூள் வந்த வருஷம் என்று அவரே சொல்லிவிட்டு நின்றார். வீட்டில் ஏற்கெனவே ஒரு டிரம் இருக்கிறதாம். வீட்டுக்காரி அதில் குடிதண்ணீர் வைத்திருக்கிறாராம்.

அவர் மறுநாள் அந்த டிரம்மைச் சைக்கிளில் கட்டித் திருப்பிக் கொண்டுவந்தார். மற்றவர்கள் உடனே அப்படிச் செய்யவில்லை. சிலர் மாதக்கணக்கில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் ஆய்வுக்கூட வேலை எதுவும் தெரியாத நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, கையுறை இல்லாமல் தூளைத் தொட மாட்டோம் என்று மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கையுறை வந்தது. அந்த வெற்றி அவருடையது.

நான் எடுத்துக்கொண்ட வேலை இன்னொன்று. என் பழைய தாளின் நகல் என்னிடம் இருந்தது. அதோடு பதிவேட்டில் இருந்த சனிக்கிழமைக் குவளைகளையும் சேர்த்து எழுதி, ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, திருச்சியில் இருந்த அந்த அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர், மில்லே கொடுத்த படிவம் இருக்கிறதே, தனி ஆள் தாளை எப்படி வாங்குவது என்றார். பெயரும் முகவரியும் போட்டுத்தானே எழுதியிருக்கிறேன், வாங்கிக்கொண்டதாக முத்திரை வைத்துக் கொடுங்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிடப் போனார்கள், வந்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். நாலு மணிக்கு முத்திரை வைத்தார்கள்.

ஏழெட்டு மாதம் எந்தப் பதிலும் இல்லை. பிறகு ஒரு பொறியாளர் வந்தார். திங்கட்கிழமை வந்தார், அது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. என் தாளைப் படித்தவருக்கு மட்டும்தான் திங்கட்கிழமை வரத் தோன்றும். வாய்க்காலோரம் நடந்து பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு வந்த உத்தரவில், மிஷின் கழுவும் தண்ணீரை நேராக வாய்க்காலில் விடக்கூடாது, தனிக் குழி வெட்டித் தேக்க வேண்டும், வேறு தூளுக்கு மாற வேண்டும் என்று இருந்தது. குழி வெட்டினார்கள். மீன்கள் உடனே திரும்பி வந்துவிடவில்லை. சேற்றில் இறங்கியது சேற்றிலேயே இருந்தது. அந்த அக்கா இரண்டு வருஷம் கொள்ளிடத்துப் பக்கம் போய்த்தான் வலை போட்டார்.

சார் ஒரு நாள் ஸ்டோர்ஸுக்கு வந்தார். பேனாவுக்கு மை வாங்க வந்ததாகச் சொன்னார்; கையிலிருந்த புட்டி நிறைய மை இருந்தது. இந்த வாய்க்கால் ஜலம் கடைசியில் கொள்ளிடத்தில்தானே சேர்கிறது, காவிரிக்கு வராதே என்று கேட்டார்.

"வராது சார். நீங்க குளிக்கிற எடத்துக்கு வராது."

அவர் முகம் சுருங்கியது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை. அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். போகும்போது, ஆய்வுக்கூடத்துக்கு என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. அவர் ‘இதர’ என்று கையெழுத்துப் போட்டதை மறக்கவும் இல்லை.

புதுத் தூள் விற்க வந்த ஏஜெண்ட் நன்றாகப் பேசுவார். பழையதில் பாதி அளவு போதும், அதனால் பாதி ஆபத்துதான் என்றார். அளவு குறைந்தால் ஆபத்து குறையும் என்று யார் சொன்னது, குறைந்த அளவில் கொல்கிறது என்றால் அதிக வீரியம் என்றுதானே பொருள் என்று கேட்டேன். இது வாய்க்காலில் எத்தனை நாள் இருக்கும், மீனை என்ன செய்யும் என்று எழுதிய காகிதம் இருந்தால் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவரிடம் விலைப்பட்டியல்தான் இருந்தது. நான் ரசீதில் கையெழுத்துப் போடவில்லை. டிரம்கள் மூன்று வாரம் வாசலில் வெயிலில் நின்றன. கோடை வேறு. மிஷின் தினமும் நின்றது. மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டுக் கத்தினார். உத்தரவின் நகலை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் பம்பாயிலிருந்து ஒரு தாள் வந்தது. மீனைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். பனி விழும் தேசத்து ஆறுகளில் வாழும் ஏதோ ஒரு மீன். அதன் பெயரை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. தாளின் பின்புறத்தில், எங்கள் வாய்க்காலில் இந்த மீன் இல்லை, கெண்டை இருக்கிறது, அயிரை இருக்கிறது, கெளுத்தி இருக்கிறது, அவற்றுக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் இதை ஒரு குவளைகூடக் கொடுக்க மாட்டேன் என்று எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தாள் திரும்பி வந்தது. கீழே மேனேஜர் கையெழுத்தில் ஒரே வரி: ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி நீங்களே சோதித்துப் பார்க்கலாம், தொட்டிகள் வாங்கிக்கொள்ளவும்.

ஸ்டோர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆறு தொட்டிகளுக்கு எழுதிக் கேட்டேன். புதியவையாக வேண்டும் என்றும் சேர்த்து எழுதினேன்.